கொள்கையளவில் வெந்நீர்

2023 செப்டம்பர் 4: இந்தக் குளிர்நாட்டுக் கடலோர நகரில், எங்கள் தெருவில் பள்ளம் தோண்டப்பட்டது. செப்டம்பர் 18: எங்கள் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் கூட்டம், வந்தவர்கள் ஒன்பது பேர். செப்டம்பர் 29: பள்ளம் மூடப்பட்டது. இம்மூன்று தேதிகளுக்கிடையே ஓர் அரிய உயிரினத்தை அதன் இயல்பான வாழிடத்திலேயே கண்டு குறிப்பெடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதன் பெயர் கொள்கையளவர்.

அரிய உயிரினம் என்றா சொன்னேன்? தவறு. ஊருக்கு ஊர் உண்டு. மழையிலும் மிதிவண்டியில் வந்து, சங்கிலியில் சிக்காதிருக்கக் கால்சட்டை ஓரத்தில் செருகிய கவ்வியைக் கழற்றாமலே கூட்டத்தில் அமர்ந்து, ஓட்ஸ் பால் இல்லையென்றால் காப்பியை மறுத்து, உருகும் பனிப்பாறைகளுக்காகக் கண்கலங்கி, பூமி எரிகிறது என்று எல்லோருக்கும் முன்பாகச் சொல்லிவிட்டு, தண்ணீர் வாளியை எடுப்பவரின் கையை மட்டும் மென்மையாகப் பற்றிக்கொள்பவர் அவர். தீயை அவர் வெறுக்கிறார். வாளியைப் பற்றித்தான் ஐயம்.

எங்கள் கட்டடத்துக் கொள்கையளவர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஃபோல்க்மார் டீட்யென். நிலவறையில் 1986ஆம் ஆண்டின் எண்ணெய்க் கொதிகலன் இருமிக்கொண்டிருக்கிறது. அதன் சூடு மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் களைத்துவிடும். அங்கே குடியிருக்கும் செவிலியர் ஹில்க பிராண்டாவ் அப்போது கருவுற்றிருந்தார். குளிர்ந்து கிடக்கும் பின்னறையைத்தான் குழந்தைக்கென ஒதுக்கியிருந்தார். கடல்நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து, அறைகளைச் சூடேற்ற வெந்நீராக வீடுகளுக்கு அனுப்பும் நகராட்சிக் குழாய், எங்கள் வாசலிலிருந்து நான்கு மீட்டரில், திறந்த பள்ளத்தில் கிடந்தது. ஒப்புதல் அளித்தால் போதும்.

"கொள்கையளவுல நான் முழு ஆதரவு," என்று தொடங்கினார் டீட்யென். வேறெப்படித் தொடங்குவார்? "ஆனா பள்ளம் தோண்டினா வாசல் மரத்தோட வேர் என்னாகும்? ஒரு நிபுணர் அறிக்கை வாங்கிட்டு முடிவு பண்ணலாமே."

"பள்ளம் ஏற்கெனவே தோண்டியாச்சு சார்! வர்றப்போ அதைத் தாண்டித்தானே வந்தீங்க?" என்றார் ஹில்க. "எனக்கு ஜனவரியில பிரசவம்."

"அதனாலதாம்மா சொல்றேன். பொறக்கப்போற குழந்தைக்காகத்தான் அவசரப்பட வேண்டாங்கறேன். நாம தப்பு பண்ணா அடுத்த தலைமுறை மன்னிக்குமா?"

"அடுத்த தலைமுறைக்கு மன்னிக்கிற வயசு வர்றதுக்குள்ள சளி பிடிச்சிடும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள்; சிரித்துவிட்டு ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தார்கள். ஒத்திவைப்புக்கு ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஒன்று. வெளியூரில் இருக்கும் என் தந்தைக்குப் பதிலாக உயர்ந்த என் கையும் அந்த எட்டில் அடக்கம். கூட்டக் குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி காலை, பள்ள வேலையின் மேஸ்திரி ஹாரோ, டீட்யெனின் வாசல் மணியை அழுத்தினார்.

"சார், கடைசியா கேக்கறேன். உங்க வீட்டுக்குக் கிளைக்குழாய் விடவா, மண்ணைத் தள்ளவா? தார் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு இந்த ரோட்டுல கைவைக்க முடியாது."

"கொள்கையளவுல நாங்க இணைஞ்ச மாதிரிதான். அப்படியே குறிச்சுக்குங்க," என்றார் டீட்யென்.

"சரி சார். கொள்கையளவுல வெந்நீரும் வந்துரும்," என்றார் ஹாரோ. மாலைக்குள் தார் மினுங்கியது.

நவம்பரில் டீட்யென் நகர நூலகத்தில் உரையாற்றினார். தலைப்பு: 'இனியும் தாமதிக்க நேரமில்லை'. கைத்தட்டல் நீண்டது. ஆய்வுக்குழு இன்னும் ஒருமுறைகூடக் கூடவில்லை. கூடும் தேதி குறித்து உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு.

வாசகரே, இதுவரை டீட்யெனைப் பார்த்துச் சிரித்தீர்கள், நல்லது. நடுவில் எங்காவது, 'இருந்தாலும் அந்த மரத்தின் வேரையும் பார்க்கத்தானே வேண்டும்' என்று தோன்றியதா? தோன்றியிருந்தால், அடுத்த கூட்டத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு. கால்சட்டைக் கவ்வியோடு வாருங்கள்.

2024 ஜனவரி 16, காலை ஏழு மணி. குழந்தையின் வயது: ஒன்பது நாள். மூன்றாம் மாடிப் பின்னறையின் வெப்பநிலை: பதின்மூன்று டிகிரி.