சும்மா இருந்த இடம்

அன்பு மைத்துனன் தொகுஜிக்கு,

மழைக்காலம் விடைபெற்று, எங்கள் தெரு மரங்களில் சில்வண்டுகள் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்து கத்தும் இந்நாட்களில், நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வளைகுடாவில் உன் சிப்பிகள் இந்த வெப்பத்தைத் தாங்கி நிற்கட்டும். நான் நலம். மினாகோ வாரம் ஒருமுறை வந்து, குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, அப்பனைத் திட்டிவிட்டுப் போகிறாள். ஆகையால் மிகவும் நலம்.

உன் அக்கா சயோவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து, கோயில் குரு கிளம்பிப் போன பிறகு, நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாய். "அத்தான், அக்கா குரல் எங்கயாச்சும் இருக்கா?" நான் யோசிக்காமல், "இல்லாம போகுமா? அவ வீட்டுக்குத் திரும்பி வர்ற முதல் ஓபோன் பண்டிகைக்குள்ள உன் கையில தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் தொலைபேசியின் பதிவுக் கருவியைத் தேடினேன். அதில் இருப்பது என் குரல்: "நாங்கள் வீட்டில் இல்லை, தயவுசெய்து பேசவும்." சயோ வெளியிலிருந்து கூப்பிட்டு அந்தக் கருவி எடுத்துவிட்டால் என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மூச்சு, பிறகு வைத்துவிடுவாள். அப்படி ஐந்தாறு மூச்சுகள் அகப்பட்டன. பிறகு மினாகோவின் பள்ளி விளையாட்டு விழா வீடியோக்கள். மைதானமே கத்துகிறது, நான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்துகிறேன், கேமராவைப் பிடித்திருப்பவள் மட்டும் ஒரு சொல் பேசவில்லை. மினாகோ தடுக்கி விழும் இடத்தில் படம் மட்டும் ஒருமுறை ஆடுகிறது.

உங்கள் ஊர்க்காரர்கள் பேச்சில் சிக்கனம் என்பது நாடறிந்தது. பனியில் எதிர்ப்படும் ஒருவர் "எங்க?" என்பார், மற்றவர் "குளிக்க" என்பார், உரையாடல் முடிந்தது. ஆனால் உன் அக்கா அதிலும் தனி ரகம். குறைவாகப் பேசுவது மட்டும் அல்ல, தாமதமாகவும் பேசுவாள். எந்தக் கேள்வியையும் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகுதான் பதில். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு நூடுல்ஸ் கடையில் கேட்டேன். பதில் வருவதற்குள் என் கிண்ணத்தில் சாறெல்லாம் வற்றி நூடுல்ஸ் உப்பிவிட்டது. கடைசியில் "ன்தா" என்றாள். அது உங்கள் ஊர் 'ஆமாம்' என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. கடைக்காரர்தான் மொழிபெயர்த்தார்.

கடைசியாக, பழைய பாடக் குறிப்புகளுக்கு அடியில் ஒரு கேசட் கிடைத்தது. ஐந்தாம் வகுப்புக்கு ஒலி பற்றிய பாடம் நடத்த, பிள்ளைகள் கேட்டுக் கண்டுபிடிக்கட்டும் என்று எங்கள் சமையலறைச் சத்தங்களைப் பதிவு செய்திருந்தேன். முள்ளங்கி நறுக்குவது, அரிசி களைவது, நடுநடுவே என் கேள்விகள், சயோவின் பதில்கள். தொகுஜி, போட்டவுடன் அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள் என்றே நினைத்தேன். நாடாதான் நைந்து போயிருந்தது. சில இடங்களில் அவள் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"எம்.டி.யில ஏத்திடுங்கப்பா, அதுல தேயாது" என்றாள் மினாகோ. இப்போது ரயிலில் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் அந்தச் சின்ன மினிடிஸ்க் பெட்டிதான். மின்சாதனக் கடைத்தெருவான அகிஹபாராவுக்குப் போனேன். கடைக்காரப் பையன், தலைமுடி செம்பட்டை, ஆனால் நல்ல மரியாதை. கையை மூடிப் பிடித்தால் மறைந்துபோகும் ஒரு பதிவுக் கருவியைக் காட்டினான்.

"ஐயா, இது ரொம்பப் புத்திசாலி மெஷின். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல வெத்தா ஓடுற இடம் இருக்குல்ல? அதை இதுவே சுருக்கிடும். தட்டுல இடம் மிச்சம்."

"நல்லதாப் போச்சு. வீணாக்குறது எனக்கும் பிடிக்காது."

"அப்ப நானே அதைப் போட்டு விட்டுடறேன். நீங்க ஒண்ணையும் தொட வேணாம்."

நானும் ஒன்றையும் தொடவில்லை. அது நினைவிருக்கட்டும்.

முதல் முயற்சியில் கேசட்டை ஓடவிட்டு, முழுவதும் பதிவு செய்து, முடிந்ததும் தட்டை எடுக்க மூடியை நெம்பினேன். திறக்க மறுத்தது. பிடிவாதம் பிடிக்கும் மாணவனிடம் பழகியவன் நான், பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி நெம்பினேன். திறந்தது. தட்டு வெறுமை. பதிவு முடிந்த பிறகுதான் அந்தக் கருவி, எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைத் தட்டின் ஓரத்தில் எழுதுமாம். உதாரணம் சொல்கிறேன். ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு, பெயர் எழுதப்போகும் நேரத்தில் வாத்தியார் தாளைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி? பதில் எல்லாம் இருக்கும், ஆனால் அது யார் தாளும் இல்லை. நான் அந்த வாத்தியார்.

இரண்டாம் முறை ஒலிவாங்கியைக் கேசட் பெட்டிக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தேன். அதற்கென்றே காத்திருந்தது போல், பழைய துணி, பழைய பத்திரிகை வாங்கும் வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்து, எங்கள் வாசலில் நின்றுவிட்டது. "சயோ, இது என்ன சத்தம்?" என்று நான் கேட்கிறேன். "பழைய குளிர்பெட்டி இருந்தாலும் எடுத்துக்கொள்வோம்" என்று பதில் வருகிறது.

மூன்றாம் முறை மினாகோ வந்து கம்பி போட்டு இரண்டையும் நேராக இணைத்தாள். கேசட்டை ஓடவிட்டோம். முடிந்தது. பொருளடக்கம் எழுதி முடிக்கும் வரை பெட்டியின் பக்கமே நான் மூச்சு விடவில்லை. அப்போதுதான் கேசட் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நறநற சத்தம். கடைசியில் நாடா உருளையில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது. ஈரக் கடற்பாசியைப் போலச் சுருண்டு சுருண்டு கையோடு வந்தது. "விடுங்கப்பா, அதான் தட்டுல வந்துடுச்சே" என்றாள் மினாகோ. இருவரும் இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

"சயோ, இது என்ன சத்தம்?" "முள்ளங்கி." "சத்தம் எங்கேயிருந்து வருது?" "கத்திலேருந்து." "பிள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லேன்." "பசிச்சா சாப்பிடச் சொல்லுங்க."

பட், பட், பட்டென்று பதில்! தொலைக்காட்சி வினாடி வினாவில் மணியை முந்தி அடிக்கும் பெண்ணைப் போல. மினாகோ காதிலிருந்து கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, யாருப்பா இது? வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் விக்கிற அம்மா மாதிரி இருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் புத்திசாலி மெஷின், உன் அக்கா கத்தியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்த நேரத்தையெல்லாம் வெற்றிடம் என்று எண்ணிச் சுருக்கிவிட்டது.

அதன் பிறகு வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பதிவின் முடிவில், பிள்ளைகளுக்கான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்து, விளையாட்டாக ஒன்று கேட்டிருக்கிறேன். "என்னைக் கட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தியே, வருத்தம் உண்டா?" கேசட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு கத்தி நின்றுவிடும். ஒன்றுமே கேட்காது. நாடா தீர்ந்துவிட்டதோ என்று ஒருமுறை பெட்டியைத் தட்டிக்கூடப் பார்த்தேன். அவ்வளவு நேரம் கழித்து, "இல்ல" என்பாள். பிறகு கத்தி மறுபடி ஓடும். தட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? "வருத்தம் உண்டா?" "இல்ல." ரயில் டிக்கெட் பரிசோதகருக்குச் சொல்லும் பதில். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சயோ சொன்னது அது இல்லை, தொகுஜி. அவள் உங்கள் கடல், அம்மா, மருமகளாக வந்து என் தாயிடம் பட்டது, என் சம்பளம், என் வாய், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

கடைக்குப் போனேன். அதே பையன்.

"குரல் போயிடுச்சாங்க ஐயா?"

"குரல் எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன? போனது சும்மா இருந்த இடம்தானே?"

"அந்தச் சும்மா இருந்த இடத்துலதான் தம்பி என் பொண்டாட்டி இருந்தா."

பாவம், அவன் என்ன செய்வான். தலையைத் தாழ்த்தி வணங்கினான். மூல நாடா இருந்தால் அந்த வசதியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்துத் தருவதாகச் சொன்னான். நான் கைப்பையைத் திறந்து அந்த நாடாக் கடற்பாசியைக் காட்டினேன். அதைப் பார்த்து அவன் இரண்டாம் முறை வணங்கினான். முதல் முறையைவிட ஆழமாக.

ஆகையால், தொகுஜி, அந்தத் தட்டை உனக்கு அனுப்பப்போவதில்லை. தம்பியாகிய நீ உன் அக்கா என்று நினைத்து அந்த இன்சூரன்ஸ் அம்மாவைக் கேட்பதை நான் விரும்பவில்லை. கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். இந்த ஓபோனுக்கு அவள் வீட்டுக்கு வரும்போது நாம் வழக்கம்போல அவள் பேசாமல் இருப்பதையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததற்கு மன்னித்துவிடு.

உன் மனைவிக்கு என் வணக்கம். வெயிலில் படகில் போகும்போது தலைக்குத் துணி கட்டாமல் போகாதே. உன் கடல் அமைதியாக இருக்கவும், உன் முதுகுவலி குறையவும் இங்கே அவள் படத்துக்கு முன் தினமும் கைகூப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான் யோஷிஹிசா

பின்குறிப்பு: தட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கேட்பதற்குக் கருவியும் அதே பெட்டியில் இருக்கிறது. உறையை ஒட்டுமுன் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று போட்டேன். "வருத்தம் உண்டா?" என்று நான் கேட்டு முடித்த நேரத்தில் தெருவில் தோஃபுக்காரரின் குழல் சத்தம். சட்டென்று கருவியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோஃபு வாங்கி, வெயிலைப் பற்றி அவரோடு இரண்டு வார்த்தை பேசி, வந்து கிண்ணத்தைக் கீழே வைத்து, மறுபடி பொத்தானை அழுத்தினேன். "இல்ல" என்றாள். அவளேதான், தொகுஜி. ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவே: என் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் இரட்டைக் கோடு போட்ட பொத்தானை அழுத்து. 'காதுல விழுந்துச்சா?' என்று உனக்கே கேட்கத் தோன்றும் வரை பொறு, அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறு, அப்புறம் அழுத்து.