பாதி ஆட்டத்தில் போன கோச்சி மாஸ்டர்

மாத்தளையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கோச்சி மாஸ்டர் அளவுக்குத் தெரிந்தவரும் இல்லை, அதனால் அவர் அளவுக்குத் துக்கப்பட்டவரும் இல்லை. நாங்கள் மூன்று கோல் போட்டு வென்ற நாளிலும் அவர் செத்த வீட்டு வாசலில் நிற்பவர் போலத்தான் நிற்பார். "மூண்டு போட்டிட்டியள். அடுத்த மேட்சுக்கு என்னத்தை மிச்சம் வச்சிருக்கிறியள்?" என்று கேட்பார். தோற்ற நாளில் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். நினைத்தது நடந்துவிட்ட நிம்மதி அது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் ஓடும் ரயிலில் கார்டாக இருந்தார். ரயிலை எங்கள் ஊரில் கோச்சி என்போம். பயிற்சியாளரையும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு வேறு பெயர் இல்லாமல் போய்விட்டது. சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

பின்னேரம் அவருடைய கோச்சி மாத்தளைக்கு வந்து சேரும். பாதை அங்கேயே முடிந்துவிடுவதால் மறுபடி கண்டிக்குப் புறப்படும் வரை அது சும்மா நிற்கும். அந்த இடைவேளைதான் எங்கள் பயிற்சி நேரம். மைதானம் ரயில் பாதைக்குப் பக்கத்தில். வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக நேரே வந்து நிற்பார். நேரம் வந்தால், எதைச் சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை மறுநாள் வந்து சொல்வார்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ பந்தை இடது காலாலை..." என்று தொடங்கியவர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பெரிய இரகசியம் ஒன்றைச் சொல்ல வந்தார் என்று நினைத்து, இருட்டும் வரை இடது காலாலேயே அடித்துப் பழகினேன். கணுக்கால் வீங்கியது. மறுநாள் வந்து என்னைக் கண்டதும், "...தொடவே கூடாது, விளங்கிச்சோ?" என்று முடித்தார்.

அவரிடம் இருந்தது ஒரே விசில். மைதானத்தில் அதை ஊதினால் ஸ்டேசனில் நிற்கிற சனம் மூட்டை முடிச்சுகளோடு ஓடிப்போய்க் காலிப் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்துவிடும். ஸ்டேசன் மாஸ்டர் ஒரு சிங்களப் பெரியவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் அவரே மைதானத்துக்கு வந்தார். "மாஸ்டர், ஒண்ணு கோச்சிக்கு ஊதுங்க, இல்லாட்டி பந்துக்கு ஊதுங்க. சனங்க பாவம்" என்றார்.

அதன் பிறகு கோச்சி மாஸ்டர் கொடிக்கு மாறினார். சிவப்பு ஆட்டினால் பின்னால் வந்து காக்க வேண்டும், பச்சை ஆட்டினால் ஏறி அடிக்க வேண்டும். கண்டி அணி ஒன்று இதைக் கவனித்து எங்களைப் பிழிந்தெடுத்தது. அவர்களோடு அடுத்து ஆடுவதற்கு முந்தின நாள் மாஸ்டர் எங்களை வட்டமாக உட்கார வைத்து, "நாளைக்குப் பச்சை எண்டால்..." என்றார். அவ்வளவுதான், கோச்சிக்கு நேரமாகிவிட்டது. மறுநாள் பச்சையைக் கண்டதும் எங்களில் பாதிப்பேர் முன்னால் ஓடினார்கள், பாதிப்பேர் பின்னால் ஓடினார்கள். கண்டிக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் வென்றோம். அன்று முழுக்க மாஸ்டர் யாரோடும் பேசவில்லை.

எங்கள் கழகத்துக்குத் தலைவர் ஒரு மிளகு வியாபாரி. ஹாஜியார் என்போம். தம்புள்ளைப் பக்கம் மேட்ச் என்றால் அவருடைய லொறியில்தான் போவோம். கோபக்காரர், ஆனால் எங்களைப் பசியோடு இருக்க விடமாட்டார்.

கோல் காத்தவன் சந்தனம். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. இருபது வயதைத் தாண்டியவன். அவனுடைய உள்ளங்கை எங்கள் முகத்தைவிடப் பெரிது. பந்து அவனைத் தேடிப் போகும் என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். மாஸ்டர் அவனை மட்டும் திட்டியதில்லை. ஆனால் பாராட்டியதும் இல்லை. அவன் ஏதாவது பெரிய அடியைப் பிடித்துவிட்டால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார்.

அறுபதுகளின் கடைசி அது. இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்த தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்தவர்கள் மாத்தளையில் கோச்சி ஏறி, கண்டியில் மாறி, பொல்காவலையில் இறங்கி, கொழும்பிலிருந்து வரும் தலைமன்னார்க் கோச்சியைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து கப்பல். அவர்களை ஏற்றிப்போகும் கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். அந்த அழுகையைத் தினமும் பின்பெட்டியில் இருந்து கேட்டுக்கொண்டு போனவர் எங்கள் மாஸ்டர்தான்.

அந்த வருடம் நாங்கள் இறுதியாட்டம் வரை வந்துவிட்டோம். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். மாஸ்டருடைய கோச்சி புறப்படுமுன் முடிந்துவிடுகிற மாதிரித்தான் நேரம் குறித்திருந்தார்கள். ஆனால் கிண்ணம் கொடுக்க வர வேண்டிய பிரதம விருந்தினர் நேரத்துக்கு வரவில்லை. வந்த பிறகு பேசினார். மாலை போட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். பந்து உருளத் தொடங்கியபோது மாஸ்டர் மூன்று தரம் கடிகாரம் பார்த்துவிட்டார்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். சந்தனம் பிடித்த பிடிகளைப் பார்த்து எதிரணிச் சனமும் கை தட்டியது. இடைவேளையில் ஹாஜியார் எங்கள் வாயில் தோடம்பழச் சுளைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். அப்போது மாஸ்டர் சந்தனத்திடம் போய், "ஆடினது காணும். உடுப்பை மாத்து, போவம்" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தனம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் குடும்பமும் அன்றுதான் போகிறது என்பது மாஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும். கண் தெரியாத தகப்பனும் தாயும் இரண்டு தங்கைகளும் பெட்டி படுக்கையோடு ஸ்டேசனில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாஸ்டர், ஆடி முடிச்சிட்டு நாளைக்கு வர்றேங்க. அவங்க முன்னுக்குப் போகட்டும்" என்றான் சந்தனம்.

"உன்னை விட்டிட்டுக் கண் தெரியாத கொப்பர் ஏறமாட்டார். ஏறாட்டி எங்கை இருப்பினம்? லயத்து அறையைப் பூட்டித் திறப்பைத் தோட்டத்திலை குடுத்தாச்சு. நாளைக்குக் கப்பல் உங்களுக்காக நிக்குமோ?"

ஹாஜியார் நடுவே வந்தார். "மாஸ்டர், கோச்சி உங்கட கையிலதானே ஈக்கிது. நீங்க கொடி காட்டாட்டிப் போகாதே. கொஞ்சம் புடிச்சு வைங்க. கப்பு கைக்கு வந்தீக்கிற நேரம்."

"பொல்காவலையில தலைமன்னார்க் கோச்சி நிக்காது, ஹாஜியார். அதுக்கு நான் கொடி காட்டுறேல்லை."

"அப்ப நாங்க?"

"நீங்கள் தோப்பியள்" என்றார் மாஸ்டர். சந்தனத்தின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். காலில் பந்துச் சப்பாத்து அப்படியே இருந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் போட்டிகளில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. மிச்சம் பத்துப் பேர். உயரமாக இருந்த ஒரே குற்றத்துக்காக என்னைக் கோலில் நிறுத்தினார்கள். என் கைகளுக்கும் பந்துக்கும் அதற்கு முன் அறிமுகம் இல்லை. அன்றும் ஏற்படவில்லை. இரண்டாவது கோல் வாங்கியபோது கோச்சி கூவியது. மைதானத்தை ஒட்டி அது மெதுவாகப் போனது. ஒவ்வொரு ஜன்னலிலும் அழுகிற முகம். ஒன்றில் சந்தனம் இருந்தான். அழவில்லை. கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பெட்டியில் மாஸ்டர் பச்சைக் கொடியைப் பிடித்தபடி மறுபக்கம் திரும்பி நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் மூன்றாவது கோல் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஐந்தாவது கோல் அடித்தவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

மறுநாள் பின்னேரம் மாஸ்டர் வழக்கம்போல் மைதானத்துக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் ஒருவரும் இல்லை. ஹாஜியார் மட்டும் வேலியோரம் நின்றார். "மாஸ்டர், இனிமே நீங்க வர வேணாம்" என்றார். மாஸ்டர் வெறும் மைதானத்தைப் பார்த்துவிட்டு ஸ்டேசனுக்குத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். கண்டியிலிருந்து ஓர் இளைஞர் பயிற்சி கொடுக்க வந்தார். கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார். சிரித்த முகம். தோற்றாலும் "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு உடம்பு கூசும். கொழும்பில் உத்தியோகம் கிடைத்து அவரும் போய்விட்டார். சேர்ந்து ஆடவே ஆள் வராமல் கழகத்தை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போதுதான் யாரோ கோச்சி மாஸ்டரின் பெயரை எடுத்தார்கள்.

ஹாஜியார் கடையின் பின்னறையில் கூட்டம். மிளகு மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் வாயைத் திறந்தால் இருவர் தும்முவார்கள். அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

"பாதியில விட்டுட்டுப் போனவரு. நம்ப முடியாது" என்றார் ஒருவர்.

"அவரு போகாம இருந்திருந்தா அந்தக் குடும்பம் தெருவில நின்னிருக்கும்" என்றேன் நான்.

வலது பக்கம் ஆடும் பியசேன சிங்களவன், தமிழ் நன்றாகப் பேசுவான். "மாஸ்டர் செஞ்சது சரி. ஆனா கப்பு போனதும் போனதுதானே. ரெண்டையும் எப்படிங்க ஒண்ணாச் சேக்கிறது?" என்றான். எல்லோரும் கொஞ்ச நேரம் தும்மினோம்.

கடைசியில் ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். "அண்டைக்கு செஞ்சது பிழை எண்டு ஒரு வார்த்தை செல்லட்டும். எடுப்போம்."

ஹாஜியாரும் நானும் ஸ்டேசனுக்குப் போனோம். மாஸ்டர் பலகை வாங்கில் தனியாக உட்கார்ந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் நன்றாக மெலிந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து இடம் விட்டார். ஹாஜியார் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

மாஸ்டர் பாணை வைத்துவிட்டுச் சொன்னார்: "கப்புக்காகக் கேக்கிறியள் எண்டால், பிழை எண்டு சொல்லமாட்டன். நாளைக்கும் அதைத்தான் செய்வன்."

"அப்ப பேச்சு முடிஞ்சுது" என்று ஹாஜியார் எழுந்தார்.

"ஆனால் பிழை ஒண்டு இருக்குது" என்றார் மாஸ்டர். ஹாஜியார் நின்றார்.

"அந்தத் தோட்டத்துக் கங்காணி போன கிழமை கோச்சியில வந்து சொன்னவர். சந்தனத்தின்ரை தேப்பன் கப்பலாலை இறங்கின மண்டபம் காம்பிலேயே செத்துப்போனாராம். தாயையும் பெட்டையளையும் சொந்தக்காரர் ஆரோ கூட்டிக்கொண்டு போச்சினமாம். சந்தனம் ஏதோ ஒரு ஊரில ரோட்டுக்குக் கல்லு உடைக்கிறானாம்." அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். "அந்தக் கையாலை. அவன் நிக்கிறன் எண்டுதானே கேட்டவன். தோளிலை பிடிச்சு ஏத்தினது நான். நீங்கள் வேணுமெண்டால் மன்னிப்பியள். அதைக்கொண்டு நான் என்ன செய்ய?"

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறுபடி வாங்கில் உட்கார்ந்தார். மாஸ்டரின் தேநீர் ஆறிப்போய்விட்டது. ஹாஜியார் கன்டீன்காரனைக் கூப்பிட்டு அவருக்கு வேறு கொண்டுவரச் சொன்னார்.

போகும்போது ஹாஜியார் திரும்பினார். "பிழை, சரி ஒண்டும் செல்ல வேணாம் மாஸ்டர். நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பொறகு பொடியன்மார் வருவாங்க. அவங்களுக்குத் திட்டுறதுக்கு ஆள் இல்ல."

மாஸ்டர் புதுத் தேநீரில் பாணைத் தோய்த்தார்.

மறுநாள் நாங்கள் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தோம். அரைவாசிப்பேர் கண் ஸ்டேசன் பக்கமே இருந்தது. வெள்ளைக் கால்சட்டை வேலியைக் கடந்து வருவது தெரிந்ததும் ஒழுங்காக ஓடத் தொடங்கினோம். கோல் இருந்த பக்கம் அவர் ஒரு தரம் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரை யார் கோலில் நின்றாலும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. கோல் கீப்பர்களை நாங்களே பழக்கிக்கொண்டோம்.

அந்த வருடம் நாங்கள் அனேகமாக எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். அவரைப் போகச் சொல்லி ஒருவரும் பேசவில்லை.

திரும்பி வந்த அந்த முதல் நாள் அவர் என் பக்கத்தில் வந்து நின்று, நான் அடித்த பந்து போன திசையைத் துக்கத்தோடு பார்த்தார். "ரெண்டு வருசம். கழுதைக்குப் பழக்கியிருந்தாலும் இவ்வளவுக்கு அடிச்சிருக்கும்" என்றார். பிறகு என் ஓட்டம், என் கால், என் சப்பாத்து, என்னைப் பெற்றவர்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டார். கோச்சிக்கு நேரமானதும் பாதி வசனத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.