வரிசை ஐயாவின் தபால் கந்தோர்

ஊவா மாகாணத்திலேயே ஒரு வெள்ளைக்காரத் தொரையைக் கால் கடுக்க நிற்க வைத்த மனிதர் எங்கள் வரிசை ஐயா ஒருவர்தான். கவர்னர் வந்திருந்தாலும் நிற்க வைத்திருப்பார். கடவுளே வந்திருந்தால், "உங்களுக்கு முன்னால யாருங்க?" என்று விசாரித்துப் பின்னால் அனுப்பியிருப்பார்.

லுணுகலைப் பக்கம் இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ரோடு வளைகிற இடத்தில் ஒற்றை அறைத் தபால் கந்தோர் ஒன்று இருந்தது. முத்திரை விற்பவர், தந்தி அடிப்பவர், கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அவரே. கவுண்டரிலிருந்து வாசல் வரை தினமும் காலையில் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டில்தான் எல்லோரும் நிற்க வேண்டும்; அதனால்தான் ஊரே அவரை வரிசை ஐயா என்றது.

ஒருநாள் எங்கள் தோட்டத்துத் தொரை குதிரையை விட்டு இறங்கி நேரே கவுண்டருக்குப் போனார்.

"பின்னால நில்லுங்க."

"நான் தொரை!"

"தெரியுதுங்க. அந்தக் கூடைக்காரம்மாவுக்குப் பின்னால நில்லுங்க."

கூடைக்காரம்மா பயந்துபோய் இடம்விட்டு ஒதுங்கினாள். வரிசை ஐயா அவளையும் அதட்டினார். "நீங்க ஏம்மா நகர்றீங்க? உங்க முறையை விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் கிடையாது!" மழையில் கூரை ஒழுகி ஒழுகி, பின்னால் நின்ற தொரையின் தொப்பி அன்று ஊறியது.

அந்த ஒழுகலுக்காக மேலிடத்துக்கு அவர் அனுப்பாத மனு இல்லை. அதற்கு முத்திரை வாங்குவதென்றால் வெளியே போய் வரிசையின் கடைசியில் நிற்பார். முறை வந்ததும் உள்ளே ஓடி, "என்ன வேணும்?" என்று காலியான இடத்தைப் பார்த்துக் கேட்பார். மறுபடி வெளியே ஓடிவந்து, "ஒரு முத்திரைங்க" என்பார். சத்தியமாக நான் என் கண்ணால் பார்த்தேன்.

நான் அப்போது அந்தத் தொரையின் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களோடு நான் பழகக் கூடாது. பங்களாவில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சாயந்தரமானால் பேச ஆளில்லாமல் தபால் கந்தோருக்கு நடப்பேன். அவருக்கும் யாருமில்லை. கந்தோருக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ள ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு தட்டு. இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். மூடுபனி இறங்கினால் பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாது. பேசாமல் இருப்பதற்கு அது வசதியாக இருந்தது.

ஒருநாள் அவராகவே சொன்னார். இந்தியாவிலிருந்து நடந்து வந்த வழியிலேயே தாயும் தகப்பனும் காலராவில் போய்விட்டார்களாம். பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடம்தான் அவரை வளர்த்து இங்கிலீஷ் படிக்கவைத்தது.

"எனக்குக் காயிதம் போட ஒரு ஆளில்ல. அதனால அடுத்தவங்களுக்கு வர்ற காயிதம்னா எனக்குச் சாமி மாதிரி."

அதைக் கேட்டு எனக்கு உடம்பு கூசியது. காரணம் மீனாச்சி.

மீனாச்சி எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அப்போதெல்லாம் தொழிலாளருக்கு வரும் கடிதங்கள் தோட்டத்துத் தபால் பையில் சேர்ந்தே வரும். பெரிய கங்காணி பிரித்துப் பார்த்து, மனசிருந்தால் கொடுப்பார். முசிறியில் தாய் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், உடனே வா என்று மீனாச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. கொழுந்து மண்டிக்கிடந்த காலம். ஆள் போய்விடுவாள் என்று கங்காணி அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அது அவள் கைக்கு வந்தபோது, தாய் செத்து வெகுநாளாகியிருந்தது.

கங்காணிக்குப் படிக்கத் தெரியாது. அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்.

விஷயம் காதில் விழுந்த மறுநாளே வரிசை ஐயா தொழிலாளர் கடிதங்களைத் தோட்டத்துப் பையில் போடுவதை நிறுத்தினார். "யார் பேருக்கு வந்திச்சோ அவங்களே வந்து வாங்கட்டும்" என்றார். அவர்கள் வரத் தோதாக, யாரும் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமையும் கந்தோரைத் திறந்துவைத்தார்.

கங்காணி கொதித்தார். தொரைக்குத் தொப்பி நனைந்த கோபம் ஏற்கெனவே இருந்தது. இருவருமாகப் பதுளையில் இருந்த தபால் மேலிடத்துக்கு எழுதிப்போட்டார்கள்: இந்தக் கந்தோருக்கு ஈ காக்கைகூட வருவதில்லை, மூடிவிடலாம், தோட்டத்துப் பையே போதும். பார்த்துவிட்டுப் போக ஒரு மேலதிகாரி வருவதாகப் பதிலும் வந்துவிட்டது.

"ஆளுங்களைக் கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"நான் கவருமெண்டுச் சம்பளக்காரன். எனக்காக வாங்கன்னு கேக்க மாட்டேன்."

"உங்களுக்காக இல்லீங்க. கந்தோருக்காக."

வாசற்படியிலிருந்து எழுந்தார். "அப்ப அது என்கிட்ட கேக்கிற விசயமில்ல. அவங்ககிட்டயே கேளு."

லயத்துக்குப் போய் மீனாச்சியின் வாசலில் நின்றேன். அதிகாரி வருவதைச் சொன்னேன். கடிதத்தை வாசித்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"உள்ள வாங்கன்னு உங்களைக் கூப்பிட மாட்டேன், கணக்கப்பிள்ளை. ஆனா கந்தோருக்கு வாரேன்."

அதிகாரி வந்த அன்று மழை ஊற்றியது. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்காமல், இரண்டு தோட்டத்து ஆட்களும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். சுண்ணாம்புக் கோடு போதாமல் வரிசை ரோட்டு வளைவைத் தாண்டிப் போனது. நானும் கடைசியில் போய் நின்றேன்.

அதிகாரி கோட்டும் தொப்பியுமாக வண்டியிலிருந்து இறங்கினார். தோரணை வெள்ளைக்காரத் தோரணை. பேச்சு மட்டும் தமிழ். நேரே உள்ளே போனார்.

"பின்னால நில்லுங்க."

"நான் யார் தெரியுமா?"

"உங்க முறை வர்றப்ப தெரிஞ்சுக்கிறேங்க."

உள்ளே நடந்த பேச்சு வாய்க்கு வாய் வரிசையின் கடைசி வரைக்கும் வந்துவிட்டது. அதிகாரி அத்தனை பேரையும் ஒரு தடவை பார்த்தார். என்ன நினைத்தாரோ, குடையை விரித்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஒன்றரை மணி நேரம் நின்றார். முன்னால் நின்ற கிழவர் ஒருவர் திரும்பி, "தம்பிக்கும் ஊர்லருந்து காயிதம் வரணுமா?" என்று விசாரித்தார். எனக்கு முன்னால் நின்ற மீனாச்சி தன் கடிதத்தின் கதையைச் சொன்னாள். சொல்லி முடித்து, "இவருதான் அதைக் கங்காணிக்குப் படிச்சுக் காட்டினவரு, கேளுங்க" என்று என்னைக் காட்டினாள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "உண்மையா?"

"ஆமாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் தோட்டத்து வேலை போயிற்று.

கடைசியில் அதிகாரியின் முறை வந்தது. வரிசை ஐயா நிமிர்ந்து பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

அதிகாரி குடையை மடக்கிக்கொண்டே, "ஒரு முத்திரை" என்றார். வாங்கிக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. தபால் கந்தோர் அங்கேயே இருக்கும், உரியவர் கையில் மட்டுமே கடிதம் கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. வரிசை ஐயா அதை ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் மேல் ஏறி நின்று மூன்று தடவை வாசித்தார். மேலதிகாரிக்கு மரியாதை காட்டாத குற்றத்துக்காக அவரை மன்னார்ப் பக்கம் மாற்றியிருப்பதாக இரண்டாவது சொன்னது. அதை அவர் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

வண்டி நிற்கும் இடம் வரைக்கும் அவருடைய தகரப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

"அன்னிக்குப் பயமா இல்லையாங்க?"

"இருந்திச்சு. அதான் தலையைத் தூக்காம முத்திரையை எண்ணிக்கிட்டிருந்தேன்."

நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த வருஷம் கடை விலாசத்துக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. இங்கே மழை குறைவு. சனங்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அத்தனை சாயந்தரங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் ஒருநாளும் அவரிடம் கேட்டிராத பெயர். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு தடவையாவது அவரை அப்படிக் கூப்பிட்டிருக்கலாம்.