சம்பங்கியின் சிந்தாத தூக்கு

"'உள்ளே நீர் கொண்டு, ஆட்டினாலும் சிந்தாத பாத்திரம்.' இதுக்குத்தானே உரிமை கேக்கறே?" என்றார் பரிசோதனை அதிகாரி.

"ஆமாங்க சாமி," என்றான் சம்பங்கி.

"அப்போ தேங்காய்க்கும் நீதான் சொந்தக்காரனா?"

சம்பங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோலார் தங்க வயலிலிருந்து ரயிலேறி பெங்களூர் பேட்டன்ட் ஆபீசுக்கு வந்தவன் என்னென்னவோ கேள்விகளை எதிர்பார்த்திருந்தான். பாவம், தேங்காயை எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் 'கேஜ்' என்கிற இரும்புக் கூண்டு போடுகிற ஆட்டத்தில், களிக்கென்று கொண்டுபோகும் குழம்பில் பாதி சட்டைக்குப் போய்விடும். சம்பங்கி இரண்டு வளையங்களுக்குள் ஒரு தூக்குப் பாத்திரத்தைத் தொங்கவிட்டான். எப்படிச் சாய்ந்தாலும் சொட்டுச் சிந்தாது. அதைப் பார்த்த பட்டறை ஆர்தர் அப்படியே செய்து விற்க ஆரம்பித்தான். ஷிப்டுக்குப் போகிற கைகளிலெல்லாம் அதுதான். குழம்பின்மேல் நம் ஜனங்களுக்கு இத்தனை ஆசையா என்று சம்பங்கி நெகிழ்ந்தே போனான். ஆனால் எல்லாரும் அதை 'ஆர்தர் தூக்கு' என்றார்கள். வயிறு எரியுமா எரியாதா?

"வளையத்தை எழுதிடலாமா?" என்று, கூட வந்திருந்த மனு எழுதும் சாம்ராஜின் காதைக் கடித்தான் சம்பங்கி.

"எழுதினா ஆர்தர் சதுரமா செஞ்சு விப்பான். நீ கம்முனு இரு."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீ மனசுல நெனச்சதை நான் படிக்கறதில்லேப்பா. எழுதின வார்த்தை எவ்வளவு நீளுமோ அவ்வளவு இழுத்துப் படிப்பேன். முன்னாடியே இருக்கற சாமான் ஏதாவது அதுல மாட்டினா, உரிமை கிடையாது."

மனுவில் கேஜ் என்று எழுதினால் கௌரவமாக இருக்காதென்று, சாம்ராஜ் 'கூண்டில் கொண்டுபோகும்' என்று சேர்த்தார்.

"கிளிக்கூண்டுல தண்ணிக் கிண்ணம் இருக்கே."

'ஆள் நிற்கும் கூண்டில்' என்று திருத்தினார்.

"கோர்ட்டுல சாட்சிக் கூண்டு. சாட்சி கையில தண்ணிச் செம்பு."

"கை நடுங்கினா சிந்துமே சாமி," என்றான் சம்பங்கி.

"பொய் சொல்லிப் பழகின சாட்சிக்குக் கை நடுங்காது."

கடைசியில் 'சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில்' என்றானது. அதிகாரி விட்டத்தைப் பார்த்தார். "மனு நிக்கும்போலத்தான் இருக்கு," என்று இழுத்தார்.

அந்த இழுப்பில்தான் சம்பங்கிக்குச் சந்தேகம் வந்தது. இந்த மனுஷன் இன்னொரு தேங்காயை எடுத்துவிட்டால்?

"சாமி, நீருன்னு பொதுவா கீறதாலதானே தேங்கா வந்துச்சு? புளிக்குழம்புன்னே போட்டுருங்க. எந்தத் தேங்காய்க்குள்ள புளிக்குழம்பு கீது?"

சாம்ராஜ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அதிகாரி முதல் தடவையாகச் சிரித்துவிட்டார்.

"இதுக்கு மேல எனக்கு ஆட்சேபணையே இல்லேப்பா."

முத்திரை வைத்த காகிதம் வந்த அன்றே சம்பங்கி அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடினான். ஷிப்டுக்காரர்கள் தூக்கும் கையுமாக வரிசையில் நின்றார்கள். கேஜ் கதவுக்காரன் ஏனோக் வழக்கம்போல ஒவ்வொருவரையும் மோந்து மோந்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். ஆர்தரும் அங்கேதான் விற்றுக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆர்தரு, இத கொஞ்சம் படி."

ஆர்தர் படித்தான். ஓரிடத்தில் நிறுத்தி மறுபடியும் படித்தான். பிறகு ரொம்ப மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"சரிண்ணா. இனிமே புளிக்குழம்புக்குன்னு கேட்டா ஒரு தூக்குகூட விக்க மாட்டேன். கர்த்தர் மேல ஆணை."

சம்பங்கிக்குத் தலைகால் புரியவில்லை. காகிதத்தை ஏனோக்கிடம் நீட்டினான். ஏனோக் அதைப் படித்துவிட்டு, அவனைத் தனியே ஓரமாக இழுத்தான்.

"சாராயம் சிந்தலன்னா எனுக்கு வாசன வராதுன்னுதானே அத்தினி பேரும் இத வாங்கினாங்க. இதுல குழம்பு எடுத்துனு போறது நீ ஒருத்தன்தான்பா."