அரபு நாடுகளை விடுவித்த பேனாட் அண்ணை

இத்தாலியில் தங்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோ தாளில் 'வீட்டுப் பணியாளர்' என்றுதான் எழுதியிருக்கும். நம்பாதீர்கள். வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் நாயை உலாத்திக்கொண்டு போகும் அந்த மனிதர் உண்மையில் அரபு தேசங்களின் எதிர்காலத்தை இழுத்துக்கொண்டு போகிறார். தூரதேசச் சனநாயகவாதி என்னும் இந்த இனம் எங்கும் உண்டு. பலெர்மோவில் விளைந்த மாதிரிக்குப் பெயர் பேனாட் அண்ணை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். எப்போதிருந்து? சங்கம் தொடங்கியதிலிருந்து.

தொண்ணூற்றிரண்டு தை மாதம் அல்ஜீரியாவில் தேர்தலைப் பாதியில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அண்ணைக்கு நித்திரையில்லை. பல்லரோ சந்தையில் நஜீபின் கடைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவர், துனீசியாக்காரனான நஜீபுக்கே துனீசியாவை விளக்கத் தொடங்கினார்: மனிதன் புலம்பெயர்கிறான், பிறத்தியார் வாக்குப் போடுவதைப் பார்க்கிறான், காசோடு அந்த எண்ணத்தையும் வீட்டுக்கு அனுப்புகிறான், வீட்டுக்குப் பிரிட்ஜ் வருகிறது, கூரையில் அன்ரெனா முளைக்கிறது, மகள் படிக்கிறாள், எதிர்த்துக் கதைக்கிறாள், பிறகென்ன, சனநாயகம்!

"எங்கடை வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்து பத்து வருசம்," என்றான் நஜீப், இத்தாலியனில்.

"பொறு. இன்னும் குளிரேல்லை."

பிறகு கூடப் போயிருந்த எங்கள் பக்கம் திரும்பிக் கத்தரிக்காயை ஓங்கினார். "தோக்கப்போறம் எண்டு தெரிஞ்சு எலெக்சனை நிப்பாட்டுறவன் மனிசனே?"

இல்லைத்தான். யார் மறுத்தது?

அந்த வருடம் எங்கள் சங்கத்துக்கும் தேர்தல் வந்தது. லிபெர்த்தா வீதியில் பணக்கார வீடுகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்குக் கிழமையில் வியாழன் பின்னேரம் மட்டுமே லீவு. போக இடமில்லை. மழையென்றாலும் பூங்கா வாங்கில்தான் இருப்பு. பங்குக் கோயில் மண்டபம் சும்மா பூட்டிக் கிடந்தது. திறப்பு அண்ணையின் சட்டைப்பையில்.

"திறப்பைத் தாங்கோ அண்ணை. நனையாமல் இருந்து கதைக்கத்தானே," என்றாள், அவர்களில் ஒருத்தியான எமிலியானா.

"அது தலைவரிட்டைத்தான் இருக்கவேணும், பிள்ளை."

"அப்ப நான் தலைவருக்கு நிக்கிறன்."

சங்கத்தில் ஆண்களைவிடப் பெண்கள்தான் கூட. கூட்டமும் எப்போதும் வியாழன் பின்னேரம். எண்ணிப் பார்க்க அண்ணைக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் முகம் மலர்ந்தது.

"பாத்தியே! புலம்பெயர்ந்தால் பொம்பிளையளும் நிப்பினம். இதைத்தானே நான் நஜீபுக்குச் சொன்னனான்!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் சட்டைப்பையையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஏதாவது மண்டபத்தின் திறப்பு கிடக்கலாம்.

பேனாட் அண்ணை தேர்தலை நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்.