ஒரு நூல் விலகிய ராணி

இழைப்புளி ஏந்திய இணையிலாத் தோளரும், மரத்தூள் மணக்கும் மார்பினரும், ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நில்லாதவரை ஓர் அலமாரியையும் எவர் வீட்டிலும் நிறுத்தியறியாதவருமாகிய தச்சர் பெருமான் வாழ்க! குதிரையின் தாவலை ஒரு வாரமாகக் கற்றும், இன்னும் விரலால் கட்டம் எண்ணியே அதைத் தாவவிடும் அவர்தம் பேரறிவும் வாழ்க!

களமோ சாப்பாட்டு மேசை. எதிரியோ, முன்பற்கள் இரண்டும் விழுந்த முறுவலாள், சதுரங்க வகுப்பில் கற்றதையெல்லாம் பெற்ற தந்தைக்கே புகட்டப் புறப்பட்ட குருமணி, எட்டு வயது மகள். ஆட்டத்துக்கு முன் அக்குரு விடுத்த பிரகடனத்தால் எண்திசையும், குறைந்தபட்சம் அடுக்களையும், அதிர்ந்தன:

“இன்னைக்கும் சொதப்புனீங்கன்னா, இனிமே மாடி வீட்டு அங்கிள்கூடத்தான் ஆடுவேன். அவரு நல்லா ஆடுறாரு.”

மாலைதோறும் மகளோடு வாய்க்கும் அந்த அரைமணி நேரத்தை மாற்றானுக்குத் தாரைவார்ப்பதோ என்று சீறியெழுந்த வீரர், சிப்பாய்ப் படையைச் செலுத்தி, யானைகளைப் பிளிறவிட்டு, எதிரியின் குதிரை ஒன்றைத் தற்செயலாகவும் மந்திரி ஒருவரைத் தவறுதலாகவும் வெட்டிச் சாய்த்து, வெற்றித் திருமகள் வாசல் மிதியடியில் கால் துடைத்துக்கொண்டிருந்த அவ்வேளையில், ஐயகோ, கண்டார்: தம் ராணி கட்டத்தின் நடுவை விட்டு ஒரு நூல் இடப்புறம் விலகி நின்றாள்.

மலை சரியினும் கடல் வற்றினும் பொறுப்பார். கோணலைப் பொறுப்பாரோ தச்சர்? ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் குறிபார்த்து, இரு விரலால் அவளை மெல்லத் தள்ளி நடுவில் நிறுத்தி, பிறவிப்பயன் எய்தியவராய்ப் பெருமூச்செறிந்தார்.

“தொட்டுட்டீங்க! தொட்ட காயத்தான் நகத்தணும்.”

“நேரா நிறுத்துனேன், கண்ணு. அதுக்குமா?”

“சரிபண்றேன்னு சொல்லிட்டுத் தொடணும்ப்பா. மொத நாளே சொன்னேன்ல?”

ராணிக்குத் திறந்திருந்த கட்டம் ஒன்றே ஒன்று. அதைக் குறிவைத்து வாய்பிளந்து நின்றது எதிரியின் சுண்டைக்காய்ச் சிப்பாய். அங்கே போய், அணுவளவும் கோணாமல், அப்பழுக்கற்ற நேர்த்தியோடு நின்று மாண்டாள் மாதரசி. அதன்பின் ராஜாவும் மூலையில் முடங்க, ‘செக்மேட்’ என்னும் இடி இறங்கிற்று.

தோற்ற வேந்தர் தலைகவிழ, வென்ற வீராங்கனை சொன்ன சொல் தவறாதவளாய் அட்டையைக் கக்கத்தில் இடுக்கி, காய்ப்பெட்டி கலகலக்க மாடிப்படி ஏறினாள். அவள் மிதித்த ஒவ்வொரு படிக்கும் கீழே தந்தையின் நெஞ்சம் ஆப்பு இறங்கிய தேக்குக்கட்டைபோல் பிளந்துகொண்டே போயிற்று.

மாடி வீடு பூட்டியிருந்ததால் திரும்பி வந்து, “வெள்ளைய நீங்களே எடுத்துக்கங்கப்பா” என்றாள்.