ஃபயர்வாலுக்குக் காவல் இருந்த மாப்பிள்ளை

"பூட்டிட்டு வந்துடற சமாச்சாரம் இல்ல செந்தாமர. பக்கத்துலயே ஒரு ஆளு உக்காந்திருக்கணும்."

செந்தாமரை கேட்டது சின்னக் கேள்விதான். நாளைக்கு லீவுதானே, நெல்லிவாசல்ல எங்கம்மா வூட்டுக்குப் புளி உலுக்க வர்றீங்களா, இல்லியா? அதுக்கு வெற்றிச்செல்வன் சொன்ன பதில் ஆபீஸ்ல இருக்கற ஃபயர்வால் வரைக்கும் போயிடுச்சு.

அவனுக்கு மரம் ஏற வராது. மலைக்குக் கீழ கண்ணமங்கலத்துல பொறந்து வளந்தவன். மாடிப்படி ஏறினாலே செவுத்தப் புடிச்சிக்கினுதான் ஏறுவான். பொண்டாட்டி வூட்லயோ, மாப்ளன்னா புளியமரத்து உச்சிக்கிளைல நின்னு உலுக்கணும். போன வருசம் மாமியா மொகத்துக்காக ஏறினான். ஏறினது ஏறிட்டான், எறங்கத்தான் வழி தெரியல. மச்சான் சிங்காரம் கயித்தக் கட்டி, மூட்டை எறக்கற மாதிரி எறக்கினான். கீழ உழுந்த புளியப் பொறுக்காம சனம் மொத்தமும் அண்ணாந்து பார்த்துச்சு. போன மானம் போகட்டும். மிச்சம் இருக்கறதையாவது இந்த வருசம் காப்பாத்திக்கணும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபயர்வால் செஞ்ச கம்பெனிலேர்ந்து மெயில் வந்துச்சு. ஜமுனாமரத்தூர்ல மலை விவசாயிங்க சேர்ந்து நடத்தற சாமை, தேன் கம்பெனில கம்ப்யூட்டருங்களப் பாத்துக்கறது இவன்தான். வெளிலேர்ந்து வர்ற கண்டதையும் உள்ள வுடாம, வாசல்லயே நின்னு தடுக்கற பொட்டிதான் ஃபயர்வால். அதுல ஒரு ஓட்டை இருக்குதாம். பாஸ்வேர்டே தெரியாத எவனோ ஒருத்தன், எங்கேர்ந்தோ ஒரு கோணல் தகவல அனுப்பினாப் போதும். பொட்டி கொழம்பிப் போயி, தானா ஆஃப் ஆகி ஆன் ஆவுமாம். வுடாம அனுப்பிக்கினே இருந்தா எழுந்துக்கவே எழுந்துக்காதாம். திருட்டு ஒண்ணும் போவாது. ஆனா ஆபீஸ்ல ஒரு வேலையும் ஓடாது.

இவ்ளோவும் பொண்டாட்டிகிட்ட வெவரமா சொன்னான். ஒண்ண மட்டும் சொல்லல. அந்த மெயில்லயே அதுக்கு மருந்தும் இருந்துச்சு. சாயங்காலமே புது சாஃப்ட்வேரப் போட்டு, ஓட்டைய அடச்சி, மேனேஜர் ராஜேஸ்வரி மேடத்துக்கு சரி பண்ணிட்டேன்னு தகவலும் குடுத்துட்டு, டீ குடிச்சிட்டுத்தான் வூட்டுக்கு வந்திருந்தான்.

"எவனாவது அனுப்பினா நீங்க இன்னா பண்ணுவீங்க?" ன்னா செந்தாமரை.

"நெட்டு லைனப் புடுங்கிடுவேன்."

"அத இப்பவே புடுங்கிட்டா?"

இத அவன் எதிர்பார்க்கல. கொஞ்சம் தண்ணி குடிச்சான். லைனப் புடுங்கிட்டா தேன் ஆர்டர் எப்படி வரும்னு கேட்டான். லீவு நாள்லயுமான்னா அவ. லீவு நாள்லதான் சனம் ஒக்காந்து தேன் வாங்கும்னான்.

செந்தாமரை அவனையே பார்த்தா. அப்பறம், "பாவம், தனியா உக்காந்திருப்பீங்களே" ன்னா.

கல்யாணமான நாள்லேர்ந்து அவ வாயிலேர்ந்து பாவம்ங்கற வார்த்த வந்ததே இல்ல. வெற்றிச்செல்வன் அங்கயே உஷாராயிருக்கணும். அவனோ தன் தெறமைய நெனச்சி நிம்மதியா தூங்கிட்டான்.

மறுநாள் ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. ஃபேன் ஓடுது. ஒரு சேர்ல ஆளு, இன்னொரு சேர்ல காலு, கைல செல்லு, செல்லுல மேட்ச். ஃபயர்வால் பச்சை லைட்டப் போட்டுக்கினு சமத்தா இருந்துச்சு. பொறந்தா ஃபயர்வாலாப் பொறக்கணும், எவனும் மரம் ஏறச் சொல்ல மாட்டான்னு நெனச்சிக்கினான்.

மத்தியானம் வாசல்ல ஒரு ஜீப்பு ரிவர்ஸ் எடுத்துச்சு. மேல மூட்டைங்க. மூட்டைங்க மேல சிங்காரம். உள்ளேர்ந்து மாமியா செல்லி எறங்கினாங்க. அவங்க பின்னால சின்ன மாமியா பாஞ்சாலை, அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க, கல்லு, சுத்தி, மொறம். கடைசியா செந்தாமரை.

"நீங்கதான் நகர முடியாதே. அதான் புளிய எடுத்தாந்துட்டோம்" ன்னா. "முன்னயே உலுக்கிக் காயவெச்சது. ஒக்காந்த எடத்துலயே தட்டிக் கொட்டை எடுக்கலாம். சிமெண்ட்டுத் தரை, மண்ணு ஒட்டாது. ராஜேஸ்வரி மேடத்துகிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன்."

மேடம் பேரக் கேட்டதும் சேர் மேலேர்ந்து கால எறக்கினான். மேடம் வேற என்ன சொன்னாங்கன்னு பொண்டாட்டி மொகத்துல தேடினான். ஒண்ணும் தெரியல. கைல சுத்தி ஒண்ணுதான் வந்துச்சு.

மாமியா தண்ணி கேட்டாங்க. எடுக்கப் போனா, பாஞ்சாலை செல்லுக்கு சார்ஜ் போடச் சொன்னாங்க. ஒயரத் தேடினா, சிங்காரம் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான். அதச் சொல்லி வாய மூடல, மாப்ள எடுத்த புளில பாதி கொட்டை அப்படியே கெடக்குதுன்னு ஒரு கொரலு. ஒண்ணுக்கு பதில் சொல்றதுக்குள்ள அடுத்தது. கொஞ்ச நேரத்துல வெற்றிச்செல்வன் எதுக்கும் பதில் சொல்லாம, சுத்தியக் கைல வெச்சிக்கினு செவுத்தப் பார்த்துக்கினு ஒக்காந்துட்டான். பொட்டிக்காவது புது சாஃப்ட்வேர் கெடச்சிச்சு.

கட்டவெரல் செவந்ததும் மெதுவா பொண்டாட்டி பக்கத்துல நகந்தான்.

"ஃபயர்வால் சரியாயிடுச்சு போலக்குது. நான் வூட்டுக்குப் போயி கொஞ்சம்..."

அவ தலையத் தூக்கல. "சரியாயிடுச்சா? நல்லதாப் போச்சு. ஜீப்பு இப்ப மரத்துகிட்டதான் திரும்பப் போவுது. உச்சிக்கிளைய உங்களுக்குன்னே வுட்டு வெச்சிருக்கோம். ஏறிக்கோங்க."

வெற்றிச்செல்வன் எழுந்து போயி பொட்டியக் குனிஞ்சு பார்த்தான். எல்லா லைட்டும் பச்சை.

"இல்ல. ஆபத்து இன்னும் இருக்குது" ன்னான்.

"நானும் அதான் நெனச்சேன். நேத்தே சரி பண்ணிட்டாருன்னு மேடம் சொன்னாங்க. நான் நம்பலியே. எனக்கு நீங்க சொல்றதுதான் வேதவாக்கு. எத்தினி நாளானாலும் காவல் இருங்க. மூட்டை வந்துக்கினே இருக்கும்."

"மாப்ள, சும்மா நிக்கறீங்களா? ஜீப்புல இன்னும் இருக்குது, எறக்குங்க," மாமியா வாசல்லேர்ந்து கூப்ட்டாங்க.

"வர்றேங்க அத்த" ன்னு போனான். பொட்டிக்குக் காவலா ஆளே இல்ல. யாரும் அதக் கேக்கவும் இல்ல.